பெரிய அளவு அட்டை

மூட்டை திரும்பி வந்த அன்று, காலை ஒன்பது மணிக்குள் அவளுடைய உடம்பைப் பற்றி ஐந்து பேர் பேசி முடித்திருந்தார்கள்.

முதல் ஆள் ரொட்டிக்காரர். விடிந்தும் விடியாமலும் அவள் நடக்கப் போகிற வழியில் சைக்கிளை ஒரு காலால் ஊன்றி நிறுத்தி, "யாரோன்னு நெனச்சேன் மாஸ்டரம்மா. பின்னாலேருந்து பார்த்தா காலேஜ் பொண்ணு மாதிரி இருக்கீங்க" என்றார். அவள் சிரித்து வைத்தாள். பத்தடி போனதும் அவரே திரும்பி, "முன்னாலேருந்து பார்த்தாத்தான் கொஞ்சம் வாட்டமாத் தெரியுது" என்று முழுதாக்கிவிட்டுப் போனார்.

இரண்டாவது, பஸ் டிப்போ மதிலையொட்டி எதிரே நடந்து வருகிற ஓய்வுபெற்ற டீச்சர். "போதும்மா. இதோட நிறுத்திக்கோ. இதுக்கு மேல போனா அழகு இல்லே, சீக்கு." மூன்றாவது, பால் வாங்கும் இடத்தில் பெயர்கூடத் தெரியாத ஒருத்தி. "சுகரா அக்கா?" என்றாள். இல்லை என்றதும், "நல்லா டெஸ்ட் எடுத்துட்டீங்களா? எங்க சின்ன மாமியாரும் இப்படித்தான் இல்லே இல்லேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க" என்றாள். அந்தச் சின்ன மாமியாருக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. கேட்காததால் நாள் முழுக்க அந்தச் சின்ன மாமியார் அவள் கூடவே வந்துகொண்டிருந்தாள்.

நான்காவது மாடிவீட்டுக்காரி. கொடியில் துணி போட்டுக்கொண்டே, ஈரப் போர்வைக்குப் பின்னாலிருந்து தலையை மட்டும் நீட்டி, "வீட்ல ஏதாச்சும் பிரச்சனையா? என்கிட்ட சொல்லலாம்" என்றாள்.

ஐந்தாவது நாத்தனார். அவளிடம் எப்போதும் புதிதாக ஒன்று இருக்கும். "கழுத்தெலும்புல தண்ணி ஊத்தினா நிக்கும்போல இருக்கே" என்றாள் தேநீர் டம்ளரை வாங்கிக்கொண்டே. "குருவி வந்து குடிக்கும்."

பதினோரு மாதத்துக்கு முன்னால் மாடிப்படி ஏறும்போது முட்டி பிடித்துக்கொண்டு, பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். எடையைக் குறைத்தால் முட்டி பிழைக்கும் என்று டாக்டர் சொன்னார். அவள் குறைத்தாள். விடியற்காலையில் டிப்போவை நான்கு சுற்று சுற்றினாள், சீனியை விட்டாள், சோற்றைக் கைப்பிடியால் அளந்தாள். இதில் ரகசியம் எதுவும் இல்லை. டெஸ்ட் மூன்று தடவை எடுத்தாயிற்று, எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் கேட்கிறவர்களுக்கு இந்தப் பதில் சப்பென்று இருந்தது. வேறு ஏதோ இருக்கும் என்று அவர்கள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்க, நிற்க, அவளுக்கும் வேறு ஏதோ இருக்குமோ என்று தோன்றத் தொடங்கியது. கடைக் கண்ணாடிகளில் எல்லாம் நின்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். யாராவது பார்க்கும்போது சாப்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

குண்டாக இருந்தபோதும் பேசினார்கள். அப்போது அவள் நகர்ந்த பிறகு, முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். இப்போது பாராட்டு என்று நினைத்துக்கொண்டு முகத்துக்கு நேரே பேசுகிறார்கள். முதுகில் விழுந்தவற்றைக் கேட்காத மாதிரி போய்விடலாம். முகத்தில் விழுவதற்குச் சிரித்துத்தான் ஆக வேண்டியிருந்தது.

பேசாத ஆள் ஒருவர்தான். அவள் புருஷன்.

*

வீட்டின் முன்னறைதான் கடை. நடுவில் ஆளுயர நீளத்துக்கு வெட்டும் மேஜை. சுவரோரம் இரண்டு தையல் மெஷின், ஒன்று அவளுடையது. ஜன்னலடியில் நாத்தனாரின் நாற்காலி. பட்டன் துளைகளுக்குக் காஜா எடுப்பது அவள் வேலை, தெருவில் வருவோர் போவோரைத் தணிக்கை செய்வதும் அவள் வேலை. புருஷனை ஊரே மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். அவரைவிட ஏழு வயது மூத்த நாத்தனார் மட்டும் தம்பி என்பாள்.

மாஸ்டருக்கு ஒரு சட்டம் உண்டு. கடையில் யார் அளவையும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. அவர் இளவயதில் வேலை பார்த்த கடையில், ஒரு பெண்ணின் இடுப்பளவை அளவெடுத்தவர் கடைக்கோடிவரை கேட்கும்படி கூவியிருக்கிறார். கடை முழுக்கச் சிரித்திருக்கிறது. அந்தப் பெண் கொடுத்த துணியைக்கூட வாங்காமல் இறங்கிப் போய்விட்டாள். சொந்தக் கடை போட்ட நாளிலிருந்து மாஸ்டர் நாடாவைச் சுற்றிப் பிடித்து, எண் இருக்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்து மனைவி பக்கம் திருப்பிக் காட்டுவார். அவள் எட்டிப் பார்த்து எழுதிக்கொள்வாள். பதினெட்டு வருஷமாக அப்படித்தான்.

அந்தச் சட்டத்தை அவர் வீட்டுக்குள்ளும் கொண்டுபோயிருந்தார். அவள் குண்டாக இருந்த வருஷங்களில் ஒரு வார்த்தை அதைப் பற்றிச் சொன்னதில்லை. ஊர் அவளைச் சோற்றுமூட்டை என்றபோது அந்த மௌனத்துக்குள் வந்து உட்கார்ந்தால் இதமாக இருந்தது. இளைத்த பிறகும் அதே மௌனம்தான். ஆனால் இப்போது அது மூடிய கதவு மாதிரி இருந்தது. பிடித்திருக்கிறதா, பிடிக்கவில்லையா, கண்ணிலாவது பட்டதா? கல்யாணமான புதிதில்கூட அவர் என்ன நினைக்கிறார் என்று அவள் இவ்வளவு யோசித்ததில்லை.

பழைய உடுப்புகளைப் பக்கவாட்டில் மடித்து ஊக்குக் குத்திப் போட்டுக்கொண்டிருந்தாள். பிடித்துத் தைக்க அரை மணி நேரம் போதும், மெஷினும் அவளுடையது. ஆனாலும் தைக்கவில்லை. அவர் ஒருநாள், "கொடு, அதைப் பிடிச்சுத் தரேன்" என்று கேட்பார் என்று காத்திருந்தாள்.

"தையக்காரன் பொண்டாட்டி ஊக்குல நிக்கிறா" என்பாள் நாத்தனார். "செருப்புக் கடைக்காரன் வெறுங்கால்ல போன கதை."

*

மூட்டையை ஆஸ்பத்திரி வண்டி டிரைவர் வாசலில் உருட்டிவிட்டுப் போனான். கயிற்றில் ஒரு சீட்டு செருகியிருந்தது. ஆஸ்பத்திரித் துப்புரவுப் பெண்களுக்கான சாம்பல்நிறக் கோட்டு, சின்னது, நடுத்தரம், பெரிது என்று மூன்று அளவில் நூற்றுப்பத்து. மூன்று வருஷமாக இந்தக் கடைதான் தைக்கிறது. போன வாரம் அனுப்பியதில் பெரிய அளவு முப்பத்துநான்கு மட்டும் அப்படியே திரும்பியிருந்தது.

மாஸ்டர் சீட்டைப் படித்தார். இரண்டாம் தடவை படித்தார்.

"என்னவாம்?" என்றாள் நாத்தனார்.

"பட்டன் போட முடியலையாம். கையைத் தூக்கினா அக்குள்ல கிழியுதாம். வெள்ளிக்கிழமைக்குள்ள சரியா வரணும், இல்லேன்னா அடுத்த தடவை வேற இடம் பார்த்துக்குவாங்களாம்."

"முப்பத்திநாலு பேருக்கும் ஒரே நேரத்துலயா உடம்பு வச்சுது? அதெப்படி?"

மாஸ்டர் ஒரு கோட்டை எடுத்து மேஜையில் விரித்தார். தையலைப் பார்த்தார். தையலில் பிழை இல்லை, அது அவளுடைய தையல். நாடாவை எடுக்கப் போனார். அதற்குள் நாத்தனார் இன்னொரு கோட்டை உருவி அவள் மேல் எறிந்தாள்.

"போட்டுப் பாரேன். அதானே வழக்கம்."

அதுதான் வழக்கம். கடையில் இருக்கிற பொம்மை நடுத்தர அளவு. பெரிய அளவுக்குப் பொம்மை வாங்கியதே இல்லை, அவள் இருந்தாள். எந்த உடுப்பானாலும் பெரிய அளவில் முதலில் வெட்டியதை அவள்மேல் போட்டு, ஊக்குக் குத்தி, சாக்குக்கட்டியால் கோடு போட்டு, அதைப் பிரித்து அட்டையில் வரைந்து ஆணியில் மாட்டுவார் மாஸ்டர். அவளுக்கு அவர் நாடா பிடித்ததே இல்லை. கையே போதும். கடைக்கு வருகிற பருமனான பெண்கள், "உங்க கடை உடுப்புதான் எங்கேயும் இறுக்கிப் பிடிக்காது" என்று சொல்லிவிட்டுப் போகும்போது அவளுக்குள் ரகசியமாக ஒரு பெருமை எழும். ஊர் கேலி செய்த உடம்புக்கு இந்த அறையில் ஒரு வேலை இருந்தது.

அவள் கோட்டைப் போட்டாள். பட்டனைக் கீழிருந்து மேலாகப் போட்டாள். ஒவ்வொன்றும் அதனதன் காஜாவில் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. தோள் தோளில் நின்றது. இடுப்பில் ஒரு சுருக்கம் இல்லை.

தெருவில் யாரோ பிளாஸ்டிக் குடத்தை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"அடியாத்தீ" என்றாள் நாத்தனார். "உனக்குன்னே அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கே."

மாஸ்டர் அவள் பக்கம் பார்க்கவில்லை. ஆணியில் தொங்கிய அட்டைகளில் பெரியதைக் கழற்றி, நடுத்தர அட்டையை அதன்மேல் வைத்தார். இரண்டுக்கும் நடுவே எட்டிப் பார்த்த ஓரம், சுண்டுவிரல் அகலம்கூட இல்லை.

*

மழையில் கூரை ஒழுகி, பழைய பெரிய அட்டை ஊறி உப்பிப் போனது இரண்டு மாதத்துக்கு முன்பு. புதிதாக வரைய வேண்டியிருந்தது. ஒரு மத்தியானம், நாத்தனார் தூங்கிக்கொண்டிருந்தபோது, மாஸ்டர் வழக்கம்போல அவளைக் கூப்பிட்டார். அளவு பார்ப்பதற்கென்று வெட்டிய வெள்ளோட்டத் துணியை அவள்மேல் போட்டார்.

துணி தொங்கியது.

அவர் ஒரு பக்கம் மடித்து ஊக்குக் குத்தினார். போதவில்லை. இன்னொன்று. மறுபக்கம் இரண்டு. பிறகு முதுகில். அவர் விரல்கள் விலா எலும்புகளின்மேல் போய் நின்றன, அங்கே எலும்பு இருப்பது அவற்றுக்குப் புதிது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது சொல்வார். இந்த ஊக்குக்குச் சொல்வார். அடுத்த ஊக்குக்குச் சொல்வார்.

அவர் வாயில் ஊக்குகள் இருந்தன. அவை தீர்ந்த பிறகும் எதுவும் சொல்லவில்லை. கோடு போட்டு, துணியைக் கழற்றிக்கொண்டு மேஜைக்குப் போய்விட்டார்.

பிழை அவளுக்கு அப்போதே தெரியும். பதினெட்டு வருஷம் தைத்தவளுக்கு அது தெரியாமல் போகுமா? 'நான் இப்ப பெரிய அளவு இல்லீங்க' என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அதை அவர்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று அவளுக்குள் ஒரு வீம்பு. வெட்டும்போது சொல்வார் என்று இருந்தாள். வெட்டியது மெஷினுக்கு வந்தபோது, கையில் எடுத்ததுமே துணியின் அகலம் குறைவென்று தெரிந்தது. சொல்ல இன்னும் நேரம் இருந்தது. முப்பத்துநான்கையும் தைத்து முடித்தாள். ஒவ்வொன்றும் முடிய, சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது.

*

மத்தியானச் சாப்பாட்டில் நாத்தனார் விசாரணையைத் தொடங்கினாள்.

"இளைக்கிறவ சொல்லிட்டு இளைக்கணும். நம்ம தொழில் என்ன, உன் உடம்பு என்ன?"

"கண்ணு முன்னாலதானே அக்கா இளைச்சேன். தினமும் நீங்கதான் ஒண்ணு சொல்லிக்கிட்டே இருந்தீங்க."

"நான் சொல்றது வேற. நான் எல்லாரையும்தான் சொல்றேன். அதையெல்லாம் யாரு காதுல வாங்குறா?" தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். "சாப்பிடு. ரெண்டு மாசம் நடையை நிறுத்து, வயிறாரச் சாப்பிடு. பழைய அளவு தானா வந்துடும். அட்டைக்கும் ஆச்சு, மூஞ்சியும் பழையபடி ஆயிடும்."

"அக்கா" என்றார் மாஸ்டர்.

"என்னடா தம்பி, தப்பாச் சொன்னேனா? யானையாட்டம் இருந்தப்போ இந்த வீட்டுக்கு ஒரு குறை வந்துச்சா?"

மாஸ்டர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "தப்பு என்னுது. அட்டை வரைஞ்சவன் நான்" என்றார். எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

அவள் தட்டில் மலைபோல் கிடந்த சோற்றைப் பார்த்தாள். சாப்பிட்டால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும். சாப்பிடாவிட்டால் திமிர். உள்ளே போன ஒரு கவளம் நெஞ்சில் நின்றது. தப்பு என்னுது என்று அவர் சொன்னதுதான் அதைவிடப் பெரிய கவளமாக நின்றது.

"நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்றாள். "முப்பத்திநாலு பேரையும் ஆளாளுக்கு அளந்துட்டு வரேன். பக்கத்துல பட்டி கொடுத்துச் சரி பண்ணிடலாம். மிச்சத் துணி இருக்கு."

"நீயா? இந்த உடம்போடயா?" என்றாள் நாத்தனார். "அவளுங்க உன்னைக் கண்டா கோட்டோட சேர்த்துக் கிழிப்பாளுங்க."

*

ஆஸ்பத்திரியின் சலவை அறை கீழ்த்தளத்தில் இருந்தது. நீராவியும் சோடா வாடையும். பெரிய இஸ்திரி உருளையில் விரிப்புகள் ஒரு பக்கம் ஈரமாகப் போய் மறுபக்கம் விறைப்பாக வந்துகொண்டிருந்தன. மேற்பார்வையாளர் அம்மாள் அவளை அங்கே நிறுத்தி, "வேலை மாறும்போது ஆறாறு பேரா வருவாங்க. சீக்கிரம் முடிச்சுக்கோ" என்றவள், போகிற போக்கில், "நீதானே போன வருஷமும் வந்தே? பாதியாயிட்டியே. நீயும் உங்க கோட்டு மாதிரியே சுருங்கிட்டே" என்றாள். அவள் சிரித்து வைத்தாள்.

முதல் ஆறு பேர் வந்தார்கள். ஒருத்தி கோட்டைப் போட்டுக் காட்டினாள். முன்பக்கம் ஒரு சாண் விலகி நின்றது. "பாரு, ஜன்னல் திரை மாதிரி" என்றாள். இன்னொருத்தி, "நாங்க கட்டிலுக்கு அடியில குனிஞ்சு துடைக்கணும்மா. இதைப் போட்டுக்கிட்டு டாக்டருக்கு வணக்கம்கூட வைக்க முடியாது" என்றாள்.

அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டு அளக்கத் தொடங்கினாள். கட்டைவிரலை எண்ணின்மேல் வைத்து மறைத்து, குனிந்து தானே பார்த்து, தானே எழுதினாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மூன்றாம் வரிசையில் சலவை வண்டியைத் தள்ளிக்கொண்டே ஒருத்தி வந்தாள். மற்றவர்கள் அவளை இஞ்சின் அக்கா என்றார்கள். வண்டி வருவதற்கு முன்னே அவள் மூச்சு வரும்.

"எனக்கு ஒரு நாடா பத்தாது. ரெண்டை முடிச்சுப் போட்டுக்கோ" என்று கையை விரித்து நின்றாள். அவள் அளந்தாள்.

"எவ்வளவு?"

"எழுதிக்கிட்டேன்க்கா."

"அது தெரியுது. எவ்வளவுன்னு கேக்கறேன்."

"எங்க கடையில வாய்விட்டுச் சொல்றதில்லே."

"ஏன், பத்துக்குப் பதினொண்ணா எழுதுவீங்களா?"

"வெக்கப்படுவாங்கன்னு."

"யாரு, நானா?" இஞ்சின் அக்கா இடுப்பில் கை வைத்தாள். "நம்பர்தானேம்மா. பஸ்சுக்குக்கூட நம்பர் இருக்கு. அது வெக்கப்பட்டுக்கிட்டு டிப்போவுலயே நிக்குதா? சொல்லு."

அவள் சொன்னாள். முதலில் முணுமுணுத்தாள். கேட்கவில்லை என்றதும் உரக்கச் சொன்னாள். உருளை ஓட்டிக்கொண்டிருந்த பெண் விசிலடித்தாள். "என்னைவிட மூணு கம்மி! என்னை அள" என்று இன்னொருத்தி முன்னால் வந்தாள். அதற்கப்புறம் எண்களை யாரும் மறைக்க விடவில்லை. யாருக்குக் கூடுதல், யாருக்குக் குறைவு என்று பந்தயம் போலாயிற்று. அவள் உரக்கச் சொல்ல, நடுத்தரக் கோட்டுக்காரி ஒருத்தி உட்கார்ந்து எழுதித் தந்தாள்.

"எனக்கு ஒண்ணுதான் புரியலே" என்றாள் இஞ்சின் அக்கா, எல்லாம் முடிகிற நேரத்தில். "மூணு வருஷமா உங்க கோட்டுதான் போடறோம். உக்காந்தா, குனிஞ்சா, கையை வீசினா ஒரு இடத்துல பிடிக்காது. இதை வெட்டினவனுக்கு நம்ம உடம்பு எப்படித் தெரியும்னு நாங்க பேசிக்குவோம். இந்த வருஷம் அவனுக்கு என்ன வந்துச்சு?"

அவள் நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அது என் உடம்பை வச்சு வெட்டினது" என்றாள்.

அவர்கள் அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்கள். ஊக்குகளையும் பார்த்தார்கள். இதோ வரப்போகிறது. சுகரா, வீட்டில் பிரச்சனையா, சின்ன மாமியாரா.

"ஏன் குறைச்சே?"

"முட்டி வலி."

"இப்ப வலி போச்சா?"

"போயிடுச்சு."

"அப்ப சரி" என்றாள் இஞ்சின் அக்கா.

அவ்வளவுதான். வண்டியைப் பிடித்துத் தள்ளத் தொடங்கிவிட்டாள். பதினோரு மாதத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருந்தார்கள். முட்டியை இதுவரை யாரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நீராவிக்கு நடுவே நின்றுகொண்டு, முகத்தைத் துடைக்கிற சாக்கில், அவள் கொஞ்ச நேரம் கைக்குட்டையை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை.

கதவருகே போன இஞ்சின் அக்கா திரும்பி, "உங்க மாஸ்டருக்கு இனிமே உடம்பு வேணும்னா என்னைக் கூப்பிடச் சொல்லு. எனக்கு முட்டி நல்லா இருக்கு. நான் இளைக்கிற ஆளும் இல்லே" என்றாள்.

*

புதன் மத்தியானத்திலிருந்து மூன்று பேரும் முன்னறையிலேயே கிடந்தார்கள். வெளியே காற்றில்லாத புழுக்கம். நாத்தனார் பக்கத் தையல்களைப் பிரித்தாள், பிரித்த நூலை ஊதி ஊதித் தள்ளினாள். மாஸ்டர் மிச்சத் துணியில் அக்குளிலிருந்து கீழ்வரை ஓடும் பட்டிகளை ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாக வெட்டினார். அவள் வைத்துத் தைத்தாள். மெஷின் ஓடும்போது சும்மா இருப்பது எளிது. அது நிற்கும் ஒவ்வொரு தடவையும் 'தப்பு என்னுது' என்று அவர் சொன்னது அறையில் கேட்டது.

வியாழன் மாலை நான்கு மணி வாக்கில் முப்பத்திரண்டாவது கோட்டில் நூல் அறுந்தது. அவள் நூலைக் கோக்கவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

மாஸ்டர் கத்தரியை நிறுத்தினார்.

"அட்டை வரைஞ்ச அன்னிக்கே தெரியும். தைக்கும்போதும் தெரியும். சொல்லலே." குரல் உடையாமல் இருக்க அவள் ஊசிமுனையையே பார்த்தாள். "நீங்க முதல்ல சொல்லணும்னு இருந்தேன். நான் இளைச்சது உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுதா இல்லையான்னு... ஊரே சொல்லுது. நீங்க ஒரு வார்த்தை சொல்லலே. அந்த வீம்புல முப்பத்திநாலையும் தச்சு அனுப்பிட்டேன். தப்பு உங்களுது இல்லே."

நாத்தனார் பிரித்துக்கொண்டிருந்த கை அந்தரத்தில் நின்றது. அவளுக்கே சொல்ல ஒன்றும் கிடைக்காத அபூர்வமான நேரம்.

மாஸ்டர் மேஜை ஓரத்தைக் கையால் தடவிக்கொண்டே நின்றார். கோபப்படுவார் என்று அவள் காத்திருந்தாள்.

"ரெண்டு விரல் கூட்டித்தான் வரைஞ்சேன்" என்றார்.

"என்ன?"

"உன்மேல போட்ட சாக்குக்கட்டிக் கோட்டுக்கு வெளியே ரெண்டு விரல் தள்ளி அட்டையில வரைஞ்சேன். நீ இளைச்சிருக்கேன்னு தெரியும். அதைச் சொன்னா, எல்லாரும் பிடுங்குற மாதிரி நானும் பிடுங்குறேன்னு ஆயிடும். ஒருநாள் அக்கா ஏதோ சொன்னதுக்கு நீ அடுப்படியில போய் நின்னுக்கிட்டே." ஜன்னல் பக்கம் பார்க்காமல் சொன்னார். "அதான் சொல்லாம, நானே ஒரு கணக்குல ரெண்டு விரல் கூட்டிக்கிட்டேன்." பெரிய அட்டையை எடுத்துப் பார்த்தார். "அஞ்சு விரல் கூட்டியிருக்கணும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டு விரல் அவருக்குத் தெரிந்திருக்கிறது. மூன்று விரல் தெரியவில்லை. தெரிந்த இரண்டுக்குச் சந்தோஷப்படுவதா, தெரியாமல் போன மூன்றுக்கு வருத்தப்படுவதா? உடம்பு கரைந்த அளவுக்கு அவர் கண்ணில் அவள் கரையவில்லையா, அல்லது அவர் சரியாகப் பார்க்கவே இல்லையா? இதைக் கேட்டால் அவருக்கும் பதில் தெரியாது என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

"என்கிட்ட கேட்டிருக்கலாமே" என்றாள்.

"நீயும் சொல்லியிருக்கலாம்."

"நல்ல ஜோடி" என்றாள் நாத்தனார், குரல் திரும்பி வந்து. "வாய் இருந்தும் ஊமை ரெண்டு. நடுவுல நான் ஒருத்தி பேசறேன்னு என்னைக் குத்தம் சொல்றீங்க."

முப்பத்துநான்கும் முடிந்து, மூட்டை கட்டியபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. ஆஸ்பத்திரியில் எழுதி வந்த காகிதத்தை வைத்து இஞ்சின் அக்காவின் அளவில் புதிய பெரிய அட்டை வரைந்து, அதை ஆணியில் மாட்டினார் மாஸ்டர். பழைய ஆணி, பழைய இடம். அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பதினெட்டு வருஷம் அந்த ஆணியில் தொங்கியது அவள் முதுகும் தோளும். இனி வேறொருத்தியுடையது. மூட்டை போய்விட்டால் நாளைக்கு விடிந்ததும் ரொட்டிக்காரர் இருப்பார், டீச்சர் இருப்பார், மாடிவீட்டுக்காரி போர்வைக்குப் பின்னால் இருப்பாள். அவர்கள் வாயில் எதுவும் மாறியிருக்காது.

"இங்கே வா" என்றார் மாஸ்டர்.

நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்திருந்தார். அவள் பக்கவாட்டு ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மேஜைமேல் வைத்தார். ஏழு ஊக்குகள். நாடா அவள் முதுகைச் சுற்றி வந்தது. அது குளிர்ச்சியாக இருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

அவர் தயங்கினார். கட்டைவிரல் எண்ணுக்குப் பக்கத்தில் நின்றது.

"காட்டட்டுமா, சொல்லட்டுமா?"

நாத்தனார் நாற்காலி கிறீச்சிட்டது. தெருவில் யாரோ இரண்டு பேர் பேசிக்கொண்டு போனார்கள், அவர்கள் கடக்கட்டும் என்று அவள் காத்திருந்தாள். பிறகு, காத்திருக்க வேண்டியதில்லை என்று தோன்றியது.

"சொல்லுங்க."

"மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறே. விடு. விட்டாத்தான் சரியான அளவு வரும்."

அவள் விட்டாள். நாடா அவர் விரல்களுக்கிடையே கொஞ்சம் நகர்ந்தது. மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். வகுப்பில் முதன்முதலாக எழுப்பி வாசிக்கச் சொன்ன பையனைப் போல, பாதி கேட்டும் பாதி கேட்காமலும் அந்த எண்ணைச் சொன்னார்.

எழுத ஆள் இல்லை என்பது அப்போதுதான் இருவருக்கும் நினைவு வந்தது.

ஜன்னலடியில் நாத்தனார் பென்சிலைத் தேடி எடுத்து, நாக்கில் தொட்டுக்கொண்டாள்.

"சரியாக் கேக்கலே தம்பி" என்றாள். "இன்னொரு தடவை சத்தமாச் சொல்லு."